லினக்ஸ்ல அவுட்டர் வைல்ட்ஸ்: சூரியன் வெடிச்சுதா, கேம் கிராஷ் ஆச்சா?

விண்கப்பல்ல கிரகம் கிரகமா சுத்தற கேம் அவுட்டர் வைல்ட்ஸ். கேம் விக்கற ஸ்டீம் கடையில அதோட பேஜைத் திறந்தீங்கன்னா விண்டோஸ் லோகோ ஒண்ணுதான் இருக்கும், லினக்ஸும் கிடையாது மேக்கும் கிடையாது. என்கிட்ட இருக்கறதோ பெங்களூர் எஸ்.பி. ரோட்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஏழாவது ஜென் ஐ5, ரெண்டு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11 லிஸ்ட்ல இந்த ப்ராசஸர் இல்ல, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட மங்களம் பாடியாச்சு, அதனால லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். ஆக மெஷினுக்கும் சப்போர்ட் இல்ல, கேமுக்கும் இல்ல.

ஆனா ஓடுது, நல்லாவே ஓடுது. எல்லாம் ப்ரோட்டான் புண்ணியம். ஸ்டீமை நடத்தற வால்வ் கம்பெனி 2018-ல விட்டது, உள்ள இருக்கறது விண்டோஸ் ப்ரோகிராமை லினக்ஸ்ல ஓட்டறதுக்குன்னு 1993-லேர்ந்து வளந்துக்கிட்டு இருக்கற வைன்ங்கற சாஃப்ட்வேர். கேம் விண்டோஸ்கிட்ட என்னென்ன கேக்குதோ அதையெல்லாம் இது லினக்ஸ்கிட்டேர்ந்து வாங்கிக் குடுக்கும், விண்டோஸோட கிராஃபிக்ஸ் பாஷையான டைரக்ட்எக்ஸ் 11-ல வரையச் சொன்னா, கூடவே வர டிஎக்ஸ்விகேன்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை லினக்ஸுக்கும் புரியற வல்கன் பாஷைக்கு மாத்தி கார்டுக்கு அனுப்பும். ஸ்டீம் ஃபோல்டர்ல கம்ப்பேட்டேட்டான்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள 753640, அதுதான் இந்த கேமோட நம்பர், அதைத் திறந்தா சும்மா ஒரு சி டிரைவ், அதுல விண்டோஸ், சிஸ்டம்32, யூசர்ஸ்ல ஸ்டீம்யூசர்னு ஒரு ஆளு. சினிமாவுக்கு செட் போட்ட தெரு மாதிரி. கேம் பாவம் அதை நம்பி உள்ள வந்து குடித்தனம் பண்ணுது.

ஒண்ணு சொல்லிடறேன், பழைய விண்டோஸ் பார்ட்டிஷன் மிச்சம் இருக்கேன்னு அதுல இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. ப்ளே அமுக்குவீங்க, ஒரு செகண்ட் ஸ்டாப்னு மாறும், திரும்ப ப்ளேன்னு வந்து நிக்கும், எரர்கூட வராது. ப்ரோட்டான் அந்த செட்டுக்குள்ள கோலன் வெச்ச பேர்ல லிங்க் போடும், விண்டோஸ் பக்கம் ஃபைல் பேர்ல கோலன் ஆகாது, பர்மிஷன் தகராறு வேற. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாத்துங்க, வேலை முடிஞ்சது.

இனிமே கொஞ்சம் ஸ்பாய்லர். வேணாம்னா இங்கயே இறங்கிக்கோங்க.

இந்த கேம்ல பிரச்சினை என்னன்னா கேமே பக் மாதிரிதான் நடந்துக்கும். ப்ரிட்டில் ஹாலோன்னு ஒரு கிரகம், நின்னுட்டு இருக்கற தரை பேத்துக்கிட்டு விழும், உள்ள பிளாக் ஹோல், விழுந்தா வேற எங்கயோ போய் நிக்கறோம். ஜயன்ட்ஸ் டீப்ல சூறாவளி தீவையே தூக்கி வானத்துல எறியும். அப்புறம் திடீர்னு ஸ்க்ரீன் பூரா வெளுத்துப் போய், கண்ணைத் திறந்தா ஆரம்பத்துல இருந்த கேம்ப்ஃபயர். பக்கத்துல உக்காந்திருந்த ரூம்மேட் உடனே "டேய், டிரைவர் போச்சுடா"ன்னான். எனக்கும் அந்த சந்தேகம்தான், சப்போர்ட் இல்லாத சிஸ்டத்துல ஆடறவனுக்கு எதைப் பாத்தாலும் முதல்ல சிஸ்டம் மேலதான் கண்ணு போகும். ஆனா கிராஷ்னா நேரம் பாத்து வராதே, இது 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை கரெக்டா வருது. கதையே அதுதான், சூரியன் வெடிக்கும், எல்லாம் அழியும், அதே லூப் திரும்ப முதல்லேர்ந்து ஓடும். வெடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு மியூசிக் வேற ஏறுது. ப்ரோட்டானுக்கு சாவு மியூசிக் போடற அளவுக்கெல்லாம் அறிவு கிடையாது.

நிஜமான கோளாறு ஒண்ணு இருந்தது, ஷேடர், அதாவது வெளிச்சம், நிழல், எஃபெக்ட் எல்லாம் வரையற குட்டி ப்ரோகிராம். ஒரு எஃபெக்ட் முதல் தடவை திரையில வரும்போது கார்டோட டிரைவர் அதுக்கான ஷேடரை அப்பதான் கம்பைல் பண்ணும், படம் திக்கித் திக்கி நிக்கும், அதுக்குள்ள கப்பல் போய் மலையில முட்டிடும். அடுத்த லூப்ல அதே இடம் வெண்ணெய் மாதிரி போகும். லூப் முடிஞ்சா எல்லாம் அழிஞ்சு கப்பலோட லாக்ல எழுதினது மட்டும் மிஞ்சும்பாங்க இல்ல, எனக்கு கம்பைல் பண்ணி சேத்து வெச்ச ஷேடர் கேஷும் சேந்து மிஞ்சிச்சு.

டார்க் பிராம்பிள்னு இன்னொரு இடம், அது தனிக்கதை. அங்க இருக்கற ராட்சச மீனுக்குக் கண்ணு தெரியாது, காது மட்டும்தான், எஞ்சினைத் தொடாம மிதந்து போகணும். என் லேப்டாப் ஃபேன் கத்தின கத்துக்கு மீன் திரும்பிடுமோன்னு உண்மையிலேயே பயந்தேன்.

இத்தனையும் அலெக்ஸ் பீச்சம்னு ஒருத்தர் தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் தீசிஸா ஆரம்பிச்சது. 2015-ல இண்டி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவுல பெரிய பரிசு, 2019-ல ரிலீஸ், 2020-ல பிரிட்டன்ல குடுக்கற பாஃப்டா விருதுல பெஸ்ட் கேம். கிரகமெல்லாம் நாம பாக்காதப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஒரு கிரகத்து மணல் இன்னொண்ணுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் கொட்டிக்கிட்டே இருக்கும். சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு வந்து உக்காந்த ரூம்மேட் அதைப் பாத்துட்டு சொன்னான், "பரவால்லடா, இங்கயாச்சும் எல்லாம் நகருது."

அடுத்து எக்கோஸ் ஆஃப் தி ஐ, இந்த கேமுக்குத் தனியா காசு குடுத்து வாங்கற கூடுதல் பகுதி, டிஎல்சிம்பாங்க. சேல் வரட்டும்னு விஷ்லிஸ்ட்ல போட்டு வெச்சிருக்கேன், யாராவது மின்ட்ல ஆடியிருந்தீங்கன்னா எந்த ப்ரோட்டான் வெர்ஷன்னு சொல்லுங்க, கதையை மட்டும் சொல்லிடாதீங்க.