மாதிரிப் பைக்கு முன்னும் பின்னும்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பூஞ்சாண நச்சுகளை அளவிடும் பணியில் இருப்பவர்களிடம் விவசாயிகளும் வணிகர்களும் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: பூசணம் பிடித்த நிலக்கடலைப் பருப்பைத் துடைத்துக் காயவைத்து நன்றாக வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா? கேள்வி நியாயமானது. கெட்டுப்போனதை நெருப்பு சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சாணம் செத்துப்போன பிறகும் அது உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்னும் நச்சு பருப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வறுத்தால் ஓரளவு குறையும். சாதாரணக் கொதிநிலைச் சமையல் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே இந்த நச்சைப் பொறுத்தவரை, உருவானபின் நீக்குவதைவிட உருவாகாமல் தடுப்பதற்கே நம் உழைப்பில் பெரும்பகுதி செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குவது என் பணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தபோதுதான் இந்த நச்சு அறிவியலின் கண்ணில் பட்டது. பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அது இருந்தது. பின்னர் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கல்லீரலைத் தாக்கும் இந்த நச்சும் ஹெப்படைடிஸ் பி வைரஸும் ஒரே உடலில் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தை உண்ட 317 பேர் நோயுற்றதாகப் பதிவாகி, அவர்களுள் 125 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் உண்டது தாங்களே விளைவித்த தானியம். எந்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலையும் மிதிக்காத தானியம் அது என்பதை நினைக்கும்போதெல்லாம், எங்கள் கருவிகளின் எல்லை எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த எல்லை மாதிரி எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அஃப்ளடாக்சினிடம் செல்லாது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் நச்சே இல்லாதிருக்க, அவற்றினிடையே கிடக்கும் ஒரே ஒரு பருப்பு அந்தத் தொகுதி முழுவதையும் வரம்புக்கு மேல் தள்ளும் அளவுக்கு நச்சைச் சுமந்திருக்கக்கூடும். உண்பதற்கு முன் இன்னும் பதப்படுத்தப்படவுள்ள நிலக்கடலைக்கு, பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு விதித்துள்ள வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிலோவில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவை கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எங்கள் எச்.பி.எல்.சி. கருவி துல்லியமாகச் சொல்லிவிடும்; ஆனால் அது சொல்வது தனக்குள் செலுத்தப்பட்ட சில துளிகளைப் பற்றி மட்டுமே. வாகனத்தின் மேலடுக்கிலிருந்த இரண்டு மூட்டைகளில் கைக்கு எட்டியதை அள்ளிப் பையில் போட்டு அனுப்பினால், அறிக்கையில் எத்தனை தசம இடங்கள் இருந்தாலும் அது அந்தச் சரக்கைப் பற்றிய உண்மை ஆகாது. இதனால்தான் கோடெக்ஸ் திட்டம் நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி கேட்கிறது: தொகுதியின் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, நன்றாக அரைத்துக் கலந்து, அதன்பின்பே சோதனைக்குரிய பகுதியைப் பிரிக்க வேண்டும். புதிதாகப் பணியில் சேருபவர்களுக்கு நான் கருவியை இயக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு கிடங்குக்கு அழைத்துச் சென்று மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுப்பது இந்தக் காரணத்தால்தான். சலிப்பூட்டும், தூசி நிறைந்த, முதுகு வலிக்கும் வேலை அது. ஆயினும் எங்கள் அளவீட்டில் நேரும் பிழையின் மிகப் பெரிய பங்கு அங்கேதான் பிறக்கிறது.

கிடங்குக்குப் போகப் போக, வயலுக்கும் போகத் தொடங்கினேன். நிலக்கடலையில் நச்சின் கதை பல நேரங்களில் அறுவடைக்கு முந்தைய சில வாரங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து, மண் காய்ந்து, காய் இருக்கும் ஆழத்தில் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, பருப்பு தன்னைக் காத்துக்கொள்ள இயல்பாக உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் குறைந்துவிடுகின்றன. அதே வறட்சியும் வெப்பமும் பூஞ்சாணத்துக்கு வாய்ப்பாக அமைகின்றன. கறையான் அரித்த ஓடும் களைக்கொத்து பட்ட காயும் அதற்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் ஒரு பாசனம் கொடுக்க முடிந்தவரின் சரக்குக்கும் முடியாதவரின் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். பாசனத்துக்கு வழியே இல்லாதவரிடம் போய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. அவருக்குச் சொல்லக்கூடியவை வேறு: முற்றியதும் தாமதிக்காமல் பிடுங்குங்கள், அடிபட்ட காயையும் மண்ணில் தங்கிப் பின்னர் பொறுக்கிய காயையும் நல்ல காயோடு சேர்க்காதீர்கள்.

உலர்த்துதல் பற்றித்தான் நான் அதிகம் பேசுகிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் மனிதர் கையில் இருக்கிறது. நிலக்கடலைப் பருப்பின் ஈரம் ஏழெட்டு சதவீதத்துக்கும் மக்காச்சோளத்தின் ஈரம் ஏறக்குறைய 13 சதவீதத்துக்கும் இறங்கிவிட்டால் இந்தப் பூஞ்சாணம் வளர முடியாது. வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாய் மீது மெல்லிய அடுக்காகப் பரப்புவது, செடியைக் காய் மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வைப்பது, இரவுப் பனியிலிருந்து மூடுவது ஆகியவை பெரும் செலவில்லாதவை. இருந்தும் நடப்பதில்லை என்றால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எடைக்கு விலை கொடுத்து, உலர்வுக்கு எதுவும் கொடுக்காத கொள்முதல் முறையில், நன்றாகக் காயவைப்பவர் தன் வருமானத்தையே ஆவியாக விடுகிறார். கையால் உடைப்பதை எளிதாக்க ஓட்டின்மீது தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் கூலியோடும் நேரத்தோடும் பிணைந்தது. ஈரமானியை வைத்து அளந்து, உலர்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கும் கொள்முதல், எந்த அறிவுரையையும்விட விரைவாகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நஞ்சு உண்டாக்கும் திறனற்ற அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் இனங்களை, முளைக்காதபடி செய்த தானியத்தில் ஏற்றி வயலில் தூவி, நச்சு இனங்களுக்கு இடமில்லாமல் செய்யும் முறையும் வந்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உருவான இந்த வழி, பின்னர் ஆப்பிரிக்காவில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில் மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் பரவியது. அந்தந்தப் பகுதியின் மண்ணிலிருந்தே இனங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

என்னை நீண்ட காலமாக உறுத்துவது நாங்கள் நிராகரிக்கும் சரக்கின் கதி. வரம்பு மீறியது என்று அறிக்கை கொடுத்ததோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது. ஆனால் மூட்டைகள் மறைந்துவிடுவதில்லை. கண்டிப்பான சந்தை திருப்பியனுப்பியது, சோதனையே இல்லாத சந்தைக்கு மலிவு விலையில் போய்ச் சேரக்கூடும். எண்ணெய் ஆட்டினால் நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. அதை உண்ணும் பசுவின் பாலில் ஒரு நாளுக்குள்ளேயே அது அஃப்ளடாக்சின் எம்1 என்னும் மாறிய வடிவில் வெளிப்படுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது; குழந்தைகள் குடிக்கும் பால் அது. ஆகவே வரம்பு மீறிய சரக்கின் அறிக்கையோடு இரண்டு பக்கங்கள் சேர்த்தனுப்பும் வழக்கத்தை எங்கள் கூடத்தில் கொண்டுவந்திருக்கிறோம். ஒன்றில், சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பிரித்தெடுத்துவிட்டு மறுபடியும் முறைப்படி மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்பதும், பிரித்தெடுத்தது தீவனத்துக்குள் போகாமல் அழிக்கப்பட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். மற்றொன்றில் கேள்விகள்: கடைசிப் பாசனம் அல்லது மழை எப்போது, பிடுங்கியபின் எத்தனை நாள் காய்ந்தது, எதன்மீது காய்ந்தது, உடைக்கும் முன் தண்ணீர் தெளித்தார்களா. திரும்பி வரும் பதில்களைத் தொகுத்து, அடுத்த பருவத்தில் காய் முற்றத் தொடங்கும் முன்பே வேளாண் விரிவாக்கப் பணியாளர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.