ஷஃபிளிலிருந்து நேர் எட்டுக்கு: சக் பெர்ரியின் வலக்கையைப் பழகுதல்

ராக் அண்ட் ரோல் கிட்டார் பழகப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் நீட்டுவது 1958இல் சக் பெர்ரி வெளியிட்ட 'ஜானி பி. குட்' பாட்டின் முன்னிசையைத்தான். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு 12 ஆண்டு பின்னால் போய்த் தொடங்கினேன். 1946இல் பாடகர் லூயி ஜோர்டானும் அவருடைய டிம்பனி ஃபைவ் குழுவும் வெளியிட்ட 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்'. கிட்டார் கார்ல் ஹோகன். ஊசி வைத்த உடனே கேட்பது சக் பெர்ரியின் முன்னிசைதான், ஏறக்குறைய அதே சுரங்கள். பெர்ரி இதை ஒளிக்கவில்லை, ஹோகனிடமிருந்து வந்தது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பெர்ரியைத் தெரிந்த ஆயிரம் பேரில் ஹோகன் பெயர் தெரிந்தவர் ஓரிருவர் இருந்தாலே அதிகம். அது எனக்கு உறுத்துகிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்ததில் இடக்கைக்குப் பெரிய வேலை மாற்றம் இல்லை. மாறுவது வலக்கை. ஹோகன் ஷஃபிளில் போகிறார்: ஒரு பீட்டை மூன்றாக வெட்டி, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைச் சட்டென்று போட்டு முடிப்பது. பெர்ரி அதே பீட்டைச் சரிபாதியாக வெட்டுகிறார். ஒரு பாருக்கு (நான்கு பீட் கொண்ட தாள அளவுக்கு) எட்டு அடி, எட்டும் ஒரே அளவு. நான் இப்போது பழகுவது முழுக்க இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

ஏ கார்டில் திறந்த தந்தியோடு தாள வாசிப்பைப் பிடிப்பது எளிது. இரண்டாம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள கட்டம்), நான்காம் ஃப்ரெட் என்று மாறி மாறி அமுக்கினால் போதும். ஆனால் பெர்ரி வாசித்தது பி ஃப்ளாட்டில். அவரை செயின்ட் லூயிஸில் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டவர் பியானோக்காரர் ஜானி ஜான்சன். பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் வசதியான சுருதிகளிலேயே கிட்டாரும் போக வேண்டியிருந்தது. அங்கே திறந்த தந்தி உதவாது. ஆறாம் தந்தியில் 6ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாம் தந்தியில் 8இல் மோதிர விரல், அங்கிருந்து சுண்டு விரலை 10ஆம் ஃப்ரெட்டுக்கு நீட்ட வேண்டும். ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒரு முறை. பாட்டின் ஒரு சுற்றான பன்னிரண்டு பார் முடிவதற்குள் முன்கை இறுகிப்போகிறது. கட்டை விரலைக் கழுத்தின் பின்புறம் இன்னும் கீழே இறக்கிய பிறகுதான் சுண்டு விரல் தானாகப் போய் உட்காருகிறது. வலக்கை உள்ளங்கையின் ஓரம், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் லேசாகப் பட்டபடி இருக்க வேண்டும், எல்லா அடியும் கீழ்நோக்கியே.

முன்னிசையில் நான் மிக ரசித்து வாசிப்பது நடுவில் வரும் இரட்டைத் தந்தி அடி. முதல் இரண்டு தந்திகளையும் 6ஆம் ஃப்ரெட்டில் ஒரே விரலால் அமுக்கிக்கொண்டு, மூன்றாம் தந்தியை 8இல் இழுத்து வளைத்தால், அது இரண்டாம் தந்தியின் சுரத்தில் போய் முட்டும். முழுதாக முட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்புதான் அந்தப் பாட்டு. ஆம்பில் கெயினை (ஒலியைக் கரடாக்கும் அளவை) கூட்டினால் அது மறைந்துவிடுகிறது. குறைத்துவைத்து, விரலால் அடித்து வரவழைக்க வேண்டும்.

இந்த நேர் எட்டு எங்கிருந்து வந்தது என்று தேடினால் நியூ ஆர்லியன்ஸுக்குப் போக வேண்டும். ராம்பார்ட் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் கோசிமோ மட்டாசா நடத்திய ஜே அண்ட் எம் ஸ்டூடியோ. 1949 டிசம்பரில் பியானோ வாசித்துப் பாடும் ஃபேட்ஸ் டாமினோ 'தி ஃபேட் மேன்' பாடியது அங்கேதான், டிரம்ஸ் எர்ல் பால்மர். இரண்டாவது, நான்காவது பீட்டில் விழும் பேக்பீட்டைப் பாட்டு முழுக்க விடாமல் அடித்திருக்கிறார். 1955 செப்டம்பரில் அதே அறைக்குப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் வந்தார். அவருடைய வலக்கை பியானோவில் எட்டு அடியையும் சமமாகக் குத்திக்கொண்டே இருக்க, ஷஃபிளில் ஊறிய பால்மர் அந்தக் கைக்கு ஏற்ப டிரம்ஸை மாற்றிக்கொண்டார். ராக் தாளம் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மாற்றத்திலிருந்து வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

சிகாகோவில், செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பெர்ரி பதிவுசெய்தபோது டிரம்ஸில் இருந்த ஃப்ரெட் பிலோ ப்ளூஸ்காரர். 'ஜானி பி. குட்'டில் அவர் கை இன்னமும் ஸ்விங்கில், அதாவது ஷஃபிள் போன்ற சமமற்ற அடியில், சாய்ந்தே போகிறது. கிட்டார் மட்டும் நேராக. ஹெட்ஃபோனில் சிம்பலை மட்டும் குறிவைத்துக் கேட்டால் இது தெளிவாகத் தெரியும். ஒரே பாட்டுக்குள் 1946உம் 1958உம் உரசிக்கொண்டு ஓடுகின்றன. சுரம் சுத்தமாக வாசித்தும் என் வாசிப்பு தட்டையாக இருந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது: எனக்கு எதிரே சாய்ந்து அடிக்க ஆள் இல்லை. அதனால் ஷஃபிள் டிரம் டிராக் ஒன்றை ஓடவிட்டு, அதன் மேல் நேர் எட்டு வாசிக்கிறேன். கை தானாக ஷஃபிளுக்குச் சரியப் பார்க்கும், பிடித்து நிறுத்த வேண்டும். மூலப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 168 பீட். மெட்ரோனோமில் 84 வைத்து, டிக் சத்தத்தை இரண்டாவது, நான்காவது பீட்டாக எண்ணினால் அந்த வேகம் கிடைக்கும். நான் இப்போது 70இல் நிற்கிறேன். 74க்கு ஏற்றினால் சுண்டு விரல் பின்தங்குகிறது.

இடையில் ஓய்வுக்கு, கிட்டார் வாசித்துப் பாடிய போ டிட்லியின் தாளம். 1955இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து அவர் வெளியிட்ட பாட்டில் கார்ட் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். ஜெரோம் கிரீனின் மராக்காஸும் (கையில் குலுக்கும் கிலுகிலுப்பை) கிட்டாரும் சேர்ந்து அந்த ஒரே தாளத்தை உருட்டிக்கொண்டிருக்கும். பதினாறு மாத்திரையை 3, 3, 4, 2, 4 என்று பிரித்தால் அழுத்தம் விழும் இடங்கள் கிடைக்கும். 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றின் முதல் எழுத்திலும் அடித்தேன், உடனே பிடிபட்டது. அழுத்தங்களுக்கு நடுவிலும் கை மேலும் கீழும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வெறும் கைதட்டலாகிவிடும்.

அடுத்தது ப்ளூஸ் கிட்டார்காரர் டி-போன் வாக்கர். இரட்டைத் தந்தியை வளைத்து அடிக்கும் பழக்கம் பெர்ரிக்கு அவர் வழியாக வந்தது. 1947இல் வாக்கர் பதிவுசெய்த 'கால் இட் ஸ்டார்மி மண்டே'யின் ஒன்பதாம் கார்டுகளில் (ஒன்பதாவது சுரத்தையும் சேர்த்த கார்டுகள்) மூன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். வேகம் மிகக் குறைவு, அதனால் அங்கே வலக்கையை விட இடக்கைக்குத்தான் வேலை அதிகம் இருக்கும்.