நேற்று ராத்திரி என்ன சமையல்?

லண்டனின் ஓரத்தில் இருக்கும் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், நெருக்கடி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை அழைப்புதான். இத்தனை வருடத்தில் பசிக்கிறது என்று சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரி பாக்கி, கரண்ட் மீட்டரில் போட்ட காசு தீர்ந்துவிட்டது, பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ இல்லை, இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டு விஷயம் கடைசியில் வரும். பல சமயம் வராமலே போகும்.

2024 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது தாண்டிய அம்மா. ஆபீஸ் துப்புரவு வேலையில் நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். முன்பணம் கேட்டால் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். "கடன் வேண்டாம் தம்பி" என்றார். டாக்ஸ் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் அவர் கேட்டது. செய்து கொடுத்தேன். தமிழ்தானே என்று, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றும் கேட்டேன்.

"ஓம் தம்பி, சாப்பிட்டாச்சு."

உணவுத் தேவை என்ற கட்டத்தில் 'இல்லை' போட்டு ஃபைலை மூடினேன்.

சுருக்கமாக மூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அவசர உதவி ஒரு காலத்தில் மத்திய அரசின் பொறுப்பு. 2013 ஏப்ரலில் அதைக் கவுன்சில்களின் தலையில் கட்டினார்கள். நடத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் வைக்கவில்லை, அதனால் சில கவுன்சில்கள் திட்டத்தையே மூடிவிட்டன. 2021 அக்டோபரில் யூனிவர்சல் கிரெடிட்டில் வாரம் 20 பவுண்டைக் குறைத்த அதே மாதம், கவுன்சில்கள் வழியாகக் கொடுக்க, குடும்ப உதவி நிதி என்று 50 கோடி பவுண்டில் ஒன்றைத் தொடங்கினார்கள், இங்கிலாந்துக்கு அதில் 42.1 கோடி. அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று துண்டு துண்டாக நீட்டிப்பு. அந்த பிப்ரவரியில், மார்ச் 31-க்கு மேல் காசு உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. கையிருப்பு சூப்பர்மார்க்கெட் வவுச்சரை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கேட்காதவருக்கு எதற்கு என்று என் மனசும் கணக்குப் போட்டிருக்கும். மார்ச் 6 பட்ஜெட்டில்தான் இன்னும் ஆறு மாதம் என்று அறிவித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரமே அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். பாக்கி என்று இன்னொரு கடிதம் வந்திருந்தது, எங்கள் சிஸ்டம் அப்படி, தள்ளிவைத்த பிறகும் அனுப்பும். அது தானாக வருவது, பயப்படாதீர்கள் என்றேன். செலவைச் சுருக்கிக்கொண்டு வருகிறேன் என்று எனக்கு நம்பிக்கை கொடுப்பதுபோல் அவரே சொன்னார்: "பிரிட்ஜை நிப்பாட்டிப்போட்டன் தம்பி. உள்ளுக்க வைக்க ஒண்டும் இல்லை, கறண்டாவது மிஞ்சும்."

டைப் அடிப்பதை நிறுத்தினேன். நேற்று ராத்திரி என்ன சமையல் என்று கேட்டேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும். முந்தின நாள்? பாண், அதாவது பிரெட். அன்றைக்குச் சாப்பிட்டாச்சு என்று சொன்னீர்களே என்றால், அது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை, கோயிலில் அன்னதானம். "அங்க வடிவாச் சாப்பிட்டன்" என்றார்.

சாப்பிட்டீங்களா என்பது நம் ஊரில் கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. மதுரையில் என் அம்மாவும் போனில் அதைத்தான் கேட்பார், நானும் ஆச்சு என்றுதான் சொல்வேன். இதை வைத்துக்கொண்டு ஒருவரின் ஃபைலை மூடியிருக்கிறேன். அன்றிலிருந்து இங்கிலீஷில் பேசினாலும் தமிழில் பேசினாலும் நேற்று ராத்திரி சமையல் என்ன என்றுதான் கேட்கிறேன். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஒரு அழைப்புக்கு இரண்டு நிமிடம் கூடுகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு வந்தது. கூடட்டும்.

வவுச்சர் அதற்குள் தீர்ந்துவிட்டது. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் ஃபுட் பேங்குக்கு ரெஃபரல், அதாவது சிபாரிசு, போட்டுக் கொடுத்தேன். ஒரு நம்பர் வரும், அதைக் காட்டினால் மூன்று நாளைக்கான உணவுப் பொதி. அந்த நிதியாண்டில் ட்ரஸல் ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் ஃபுட் பேங்குகள் மட்டுமே நாடு முழுக்க 31 லட்சம் பொதிக்கு மேல் கொடுத்திருக்கின்றன. கவுன்சில் செய்யவேண்டியதை டின் அடுக்கும் தொண்டர்களிடம் தள்ளிவிடுகிறோம் என்ற உறுத்தல் ஒவ்வொரு ரெஃபரலிலும் எனக்கு உண்டு. அவர்கள் கேட்பதைப் பாருங்கள்: அடுப்பு இருக்கிறதா, கெட்டில் மட்டும்தானா? கெட்டில் மட்டும் என்றால் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் சாமானாகப் பார்த்துப் போடுவார்கள். எங்கள் படிவத்தில் இந்தக் கேள்வியும் இல்லை.

குறிப்புக் கட்டத்தில் பாஸ்தா வேண்டாம், அரிசியும் மைசூர் பருப்பும் என்று எழுதினேன். பருப்பு கிடைத்ததாம், அரிசி இல்லை. பேக்டு பீன்ஸ் நாலு டின். "வெங்காயம் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால் ஒரு மாதிரிப் போகுது தம்பி, இனிப்புத்தான்."

சரி, பிரிட்ஜ் போட்டாச்சா என்று கேட்டேன்.

"அவை தந்த பெட்டிப் பாலை வெளியிலயே வைக்கலாம் எண்டு எழுதியிருக்கு. இன்னும் போடேல்லை."