காய்ந்த பேஸ்ட்

இன்று காலை கணினியின் பக்கத் தகட்டைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கழற்றியபோது, பிராசஸரின் வெப்பத்தை அதற்குக் கடத்துவதற்காகத் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த களிமண்ணைப் போல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பஞ்சால் துடைக்கத் துடைக்க, உலோக மூடியில் எழுத்துகள் தெளிந்தன: கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் வகை. நான்கு கோர்கள் (கணக்கிடும் மையங்கள்), 3.3 கிகாஹெர்ட்ஸ்.

கடைசியிலுள்ள அந்தக் 'கே'தான் சில நாள்களாக என்னை அலைக்கழிக்கிறது. வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை உயர்த்தி ஓவர்கிளாக் செய்துகொள்ள, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, அந்த ஓர் எழுத்தே அனுமதி.

ஆனால் வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். மின்செலவோ வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி 4.4 கிகாஹெர்ட்ஸைத் தொட்டால், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, வெப்பம் ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். இத்தனை கோடைகளைத் தாங்கிய மதர்போர்டை அப்படி வதைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய பிராசஸர் எதுவும் மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இந்த 1155 சாக்கெட்டில் பொருந்தாது. வாங்கினால் மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எனக்கு வேண்டியதோ வீடியோ தொகுப்பு சற்று விரைவாக முடிவதுதான். அதற்கு, இதே சாக்கெட்டில் உட்காரும் 2012-ஆம் ஆண்டு ஐ7-3770, ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட்களோடு (வேலை இழைகளோடு), பழைய பொருளாகக் கிடைத்தாலே போதும். அந்தப் பிராசஸரை மதர்போர்டு அடையாளம் காண, முதலில் அதன் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

இப்போதைக்குப் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மூடியிருக்கிறேன். விசிறியின் இரைச்சல் அடங்கியிருக்கிறது.