அம்பாசிடரில் ஆயில் கசிவு: நெடும்பயணத்துக்கு முன்பும் வழியிலும்

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடரை இரவு நிறுத்திவிட்டுக் காலையில் நகர்த்தினால், தரையில் நாலைந்து சொட்டு ஆயில் கிடக்கும். அதைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பார்க்காததுபோல் கிளம்பவும் கூடாது. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் வண்டி ஊட்டிக்கும் போகும், கன்னியாகுமரிக்கும் போகும்.

பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வகையான இந்த எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீலே கிடையாது. அதற்குப் பதிலாக, கிராங்கிலேயே ஆணி மரைபோல ஒரு திருகு வெட்டு கடைந்திருக்கும். சுற்றும்போது அது வெளியேறப் பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றுவிட்டால் அதற்கு வேலை இல்லை. ஓடி நின்ற வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளை வழியாகச் சொட்டுவது இதனால்தான். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் தேயத் தேய இடைவெளி கூடி, சொட்டும் கூடும். கசிவை நிறுத்துகிறேன் என்று கடையில் விற்கும் திரவத்தை ஊற்றுவதால் இங்கே பயனில்லை. அவை ரப்பர் சீலை உப்பவைக்கத்தான் செய்யப்பட்டவை. இங்கே உப்புவதற்கு ரப்பர் ஏது?

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. நூறு மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால் கிலோமீட்டருக்கு அரை மில்லி, 500 கிலோமீட்டருக்கு கால் லிட்டர். இந்த அளவுக்குக் கையில் 2 லிட்டர் ஆயில் இருந்தால் போதும். 500 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் இறங்குகிறது என்றால் கிளம்பக் கூடாது. அப்போதும் கசிவு மட்டும்தானா, பிஸ்டன் ரிங் தேய்ந்து புகையாகவும் போகிறதா என்று சைலன்சரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெரியும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கி இழுத்துப் பூசும், அதனால் சொட்டும் இடம் கசியும் இடமல்ல. நனைந்த பகுதியில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதுதான் ஊற்று. பெல் ஹவுசிங்கில் சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர்பாக்ஸில் ஊற்றிய 90 ஆயில், எஞ்சின் மேல் பழி போடாதீர்கள்.

பேக்கிங் (இணைப்புகளுக்கு நடுவே கசிவை அடைக்க வைக்கும் கார்க் போன்றவை) எதையும் வாங்குவதற்கு முன் மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். இதைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள். சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயு எப்போதும் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற எஞ்சின் பக்கவாட்டு மூடியான டாப்பெட் சைடு கவரில் ஒரு குழாயும், எஞ்சின் உச்சியில் வால்வுகளை மூடும் மேல் கவரில் ஒரு குழாயும், ஆயில் ஊற்றும் மூடியில் கம்பி வலையும் இருக்கும். இவை பிசுக்குப் பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எல்லா இணைப்பு வழியாகவும் வெளியே தள்ளும். புதுப் பேக்கிங் போட்டும் ஒரே வாரத்தில் மறுபடி நனைகிற வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குழாய்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியில் துணி சுற்றி இழுத்து, வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும். அதன் பிறகும் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின்போலப் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

அடுத்து மேல் கவர். இதன் இடப்பக்க விளிம்பு கசிந்தால் ஆயில் நேராகச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழும். கருகிய வாடை காருக்குள் வரும், தீப்பிடிக்கவும் கூடும். எல்லாக் கசிவிலும் முதலில் அடைக்க வேண்டியது இதுதான். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு நட்டையும் கழற்றி, கவரை நேராகத் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் தகடு வளைந்துவிடும். கவரைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து நாலு மூலையும் அழுத்திப் பாருங்கள், ஆடினால் மரக்கட்டையை அண்டக்கொடுத்து விளிம்பைத் தட்டி நேராக்குங்கள். பழைய கார்க்கைச் சுரண்டும்போது வால்வை இயக்கும் புஷ் ராட் இறங்கும் துளைகளில் துணி அடைத்திருக்க வேண்டும். உள்ளே விழுந்த துகள் ஆயில் பம்ப் வலையில் போய் உட்காரும்.

புதுக் கார்க்கைக் கவர் பக்கம் மட்டும் ஷெல்லாக் பசை தடவி ஒட்டி, ஒரு மணி நேரம் பாரம் வைத்துவிடுங்கள். ஹெட் பக்கம் படும் முகத்தில் பசை வேண்டாம், லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். நட்டின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் இரண்டையும் கார்க்கோடு சேர்த்து மாற்றுங்கள், அவை காய்ந்திருந்தால் ஆயில் நட்டு வழியாகவே ஏறும். நட்டுகளை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஸ்பேனரைத் தலையருகே பிடித்து இரண்டு விரலால் திருக வருகிற இறுக்கம்தான் அளவு. கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் நடுவில் தகடு குழிந்து ஓரத்தில் இடைவெளி விடும், கசிவு இன்னும் கூடும்.

மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள இரண்டு சைடு கவருக்கும் இதே விதிதான். எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பின் பிளக்கில் இருக்கும் செம்பு வாஷரை மாற்ற முடியாவிட்டால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மிருதுவாகும். கிண்ண வகை ஃபில்டர் என்றால் பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குத்தி எடுக்காமல் புது வளையத்தை மேலே வைத்தால் நெடுஞ்சாலையில் சில நிமிடங்களில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடலாம்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: எஞ்சினில் இருக்கும் அதே 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 ஆயில் 2 லிட்டர், புனல், மேல் கவர் கார்க், சைடு கவர் கார்க் இரண்டு, செம்பு வாஷர் சில, ஒரு டியூப் அனபாண்டு (இடைவெளி அடைக்கும் பசை), அரை லிட்டர் மண்ணெண்ணெய், வேஸ்ட், இஞ்ச் அளவு ஸ்பேனர்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 நம்பரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை மழுங்கக்கூடும். அனபாண்டை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத முகத்தில் நூல்போல மெல்லியதாக மட்டும் தடவுங்கள். ஆயில் ஈரத்தின் மேல் அது ஒட்டாது. அதிகமானது உள்ளே பிதுங்கி, உடைந்து, ஆயில் வலையை அடைக்கும்.

வழியில் ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் சமதரையில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது, கூடுதல் ஆயில் கிராங்கில் அடிபட்டுப் பின்வழியாகத்தான் வெளியேறும். இரண்டு கோட்டுக்கும் இடையே முக்கால் அளவு இருந்தால் சரி. ஆயில் விளக்கை நம்பி அளவு பார்க்காமல் இருக்காதீர்கள். அது அளவைக் காட்டுவதில்லை, பம்ப் காற்றை உறிஞ்சி அழுத்தம் போன பிறகுதான் எரியும். வளைவில் ஒரு நொடி மினுக்கினாலும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

மலையேற்றத்தில் முன்பக்கம் உயர்வதால் ஆயில் சம்பின் பின்பக்கம் சேர்ந்து, திருகு வெட்டுக்குச் சுமை கூடும். வால்பாறை சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால், ஆயில் கிளட்ச் தட்டு வரை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏறாமல் திரும்புவதே சரி.

மலையில் இரவு தங்கும்போது வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தாதீர்கள். சமதரை இல்லாவிட்டால் மூக்கு லேசாகக் கீழே இருக்கட்டும், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அடியில் ஓர் அட்டையைப் போட்டு முன் சக்கரம் இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டால், காலையில் சொட்டு எங்கே விழுந்தது என்று எஞ்சினோடு பொருத்திப் பார்க்கலாம். சாலையோரம் நின்றிருந்தால், கிளம்புமுன் அந்த இடத்தில் ஒரு கை மண்ணைத் தூவித் தேய்த்துவிடுங்கள். பனியில் நனைந்த ஆயில் பின்னால் வரும் பைக்காரரைச் சறுக்கிவிடும்.