டீசல் பாதி டேங்குக்குக் கீழே வந்தால் நிற்கும் லாரி

எங்களிடம் இருப்பது 1997-ஆம் ஆண்டு லாரி. ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின், அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய இன்லைன் பம்ப். ஆரணியில் அரிசி மூட்டை ஏற்றி, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு வரும்போது ஒரே மாதத்தில் நான்கு முறை ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றுபோனது. ஓரங்கட்டி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கை பம்பை இரண்டு நிமிடம் அடித்தால், ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நின்று, பிரேக்குக்குக் காற்று டேங்கில் மிஞ்சியிருக்கும் காற்று மட்டுமே கைகொடுக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியவில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் இன்லைன் பம்பைக் கழற்றி, டீசல் அளவைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். சிலர் வெயிலைக் காரணம் காட்டினார்கள். வேலூரில் எதற்கும் வெயிலைக் குறை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல என்ஜின் சட்டென்று நின்றிருந்தால் என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளைச் சந்தேகித்திருப்பேன். இதுவோ இரண்டு மூன்று முறை இருமி, இழுவை குறைந்து, பிறகுதான் அணைந்தது. அது டீசல் வரத்து குறைவதன் அடையாளம். கை பம்ப் அடித்ததும் உயிர் வருகிறது என்றால், எங்கோ காற்று புகுகிறது என்பதுதான் முதல் சந்தேகம்.

ஃபீட் பம்புக்குப் பிறகு வரும் டெலிவரி பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலான உறிஞ்சும் பக்கத்தில் அப்படியில்லை. என்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர ஒரு சொட்டுகூட வெளியே வராது. அந்தக் காற்று பில்டரின் மேல்பகுதியில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக இன்லைன் பம்புக்குள் போகும்போது அழுத்தம் ஏறாது, என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்காது. டேங்க் மூடியின் மூச்சுத்துளையை ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. குழாய் இணைப்புகளின் காப்பர் வாஷர்களை மாற்றியும் பயனில்லை.

பிறகு ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம், உள்ளே ஓடுவது தெரியும் டியூபைப் பொருத்தி, கேனில் இருந்து நேரடியாக டீசல் கொடுத்து கணியம்பாடி வரை ஓட்டினோம்; ஒரு குமிழிகூட இல்லை. டேங்க் லைனை மீண்டும் மாட்டியதும் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. அப்போதுதான் டிரைவர், "அண்ணே, டேங்க் நிறைய இருக்கிறப்போ ஒரு தடவைகூட நிக்கலையே" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்; நானும் கேட்கவில்லை.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றினோம். ஏறத்தாழ நடுவில், பற்றவைத்த இடத்தை ஒட்டி, நகத்தால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு ஒரு கீறல். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை கீறலும் டீசலையே இழுத்தது. மட்டம் அங்கே இறங்கியதும், குலுங்கும் சாலையில் டீசல் விலகும்போதெல்லாம் காற்றை இழுத்தது. லேத் பட்டறையில் அதே நீளத்துக்குப் புதுக் குழாய் செய்து மாட்டி, பில்டரில் ஏர் எடுத்தோம். கால் டேங்க் டீசலோடு பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினேன். டியூபில் குமிழி இல்லை. இன்லைன் பம்பை இன்னும் யாரும் தொடவில்லை.