நீங்க கேக்கவே இல்லையே

“அப்ப அவருக்கும் சேர்த்துத்தான் நான் கட்டியிருக்கேனுங்களா, அம்மிணி?” என்று ஒரு பெரியவர் டிஸ்சார்ஜ் அன்று பில் கவுண்டரில் வைத்துக் கேட்டார், பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி. இல்லைங்க ஐயா என்றேன். கணக்குப்படி அந்தப் பதில் சரிதான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

நடந்தது பெரிய விஷயமில்லை. பொது வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், இரண்டு பேருக்கும் பைபாஸ், இரண்டு பேருக்கும் எங்கள் சார்தான் செய்தார். மூச்சை இழுத்து மூன்று பந்துகளையும் மேலே தூக்கும் அந்தக் கருவியை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு இழுப்பார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லி ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்துவார்கள். அப்படிப் பழகிய இருவர் எவ்வளவு கட்டினீர்கள் என்று பேசிக்கொள்ளாமல் இருப்பார்களா? ஒருவர் கட்டியது இன்னொருவர் கட்டியதில் பாதிகூட இல்லை. பாதிக்கும் குறைவாகக் கட்டியவர் செங்கல் சூளையில் வேலை செய்பவர். காப்பீட்டு அட்டைக்கு அலைய நேரமில்லாத நிலைமையில் வந்தார், கட்டணத்தைக் குறைத்து கன்செஷன் எழுதியது நான்தான். முழுத் தொகை கட்டிய பெரியவர், தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்றுவிட்டு வந்திருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பில்லை கவுண்டர் மேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்து ‘ஓ.டி. சார்ஜ்’, அதாவது ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்ற இடத்தில் நிறுத்தினார். “இது அவருக்கும் இதேதானுங்களா?” என்றார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை. இதய ஆபரேஷனில் இரண்டு வகைச் செலவு இருக்கிறது. தியேட்டர், ஐ.சி.யூ., வென்டிலேட்டர், ஹார்ட்-லங் மெஷின், நர்ஸ்கள், மயக்க மருந்து டாக்டர், ராத்திரி டியூட்டி ஆட்கள், இவையெல்லாம் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. தையல் நூல், கேனுலா குழாய், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டர், மருந்து, ரத்தம், இவை ஆளுக்கு ஆள் ஆகிற செலவு. அந்த ஹார்ட்-லங் மெஷினைப் போடாமல் துடிக்கிற இதயத்திலேயே செய்தால் ஆக்ஸிஜனேட்டரும் மிச்சம். கன்செஷன் ஆட்களிடம் நாங்கள் வாங்குவது இந்த இரண்டாவது வகையை மட்டும்தான், சார் தன் ஃபீஸைத் தொடவே மாட்டார். பஸ் கிளம்பிவிட்டால் காலி சீட்டுக்கும் சேர்த்துத்தான் டீசல் எரிகிறது, அந்த சீட்டில் ஒருவர் பாதி டிக்கெட்டில் உட்கார்ந்தால் உங்கள் டிக்கெட் ஏறாது என்று அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். அவர் வராமல் இருந்தாலும் உங்கள் பில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது, ஐயா.

இது நானாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. இதய அறுவை டாக்டர் தேவி ஷெட்டி பெங்களூரில் நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனையை நடத்திக் காட்டியதே இந்த அடிப்படையில்தான். ஒரே கூரையின் கீழ் எவ்வளவு அதிகம் ஆபரேஷன் நடக்கிறதோ அவ்வளவுக்கு ஒவ்வொன்றின் செலவும் இறங்கும், இறங்கிய இடத்தில் ஏழைக்கு இடம் கிடைக்கும். முந்தின நாள் வரவு செலவு மறுநாளே டாக்டர்களுக்குப் போய்விடும் பழக்கமும் அங்கே உண்டு, இன்று எத்தனை பேருக்குக் குறைக்க முடியும் என்று அப்போதுதான் தெரியும். கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் மாதம் 5 ரூபாய் கட்டினால் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு என்று 2003இல் யஷஸ்வினி திட்டம் வந்ததே, அதற்குப் பின்னாலும் அவருடைய யோசனைதான். எங்கள் சார் இதை நம்பித்தான் இந்தப் பிரிவையே நடத்துகிறார். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் என்னிடம் கணக்கு கேட்பார், நேற்று முழுத் தொகை எத்தனை பேர், இன்று கன்செஷனுக்கு எத்தனை பேர் தாங்கும் என்று. அந்தக் கணக்கால் பிழைத்து வீட்டுக்குப் போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இதை யாராவது வியாபாரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். படித்தவரில்லை, ஆனால் கணக்கு எனக்கு முன்னாடியே அவருக்குப் புரிந்துவிட்டது. “சரிங் அம்மிணி, அவரால எனக்கு ஒண்ணும் ஏறல. அது நல்லதுதான். ஆனா உங்க பணம் எங்கிருந்து வருதுன்னு அவர்கிட்ட கேட்டீங்கல்ல, எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே” என்றார். குரலில் சண்டை இல்லை. மகனைக் கூப்பிட்டு பில்லை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டிய அடையாளம் எதுவும் அவரிடம் இல்லை. சொன்ன அட்வான்ஸை முதல் நாளே கட்டினார், பேரம் பேசவில்லை, மகன் நல்ல சட்டை போட்டிருந்தார். பொது வார்டு கேட்டார் என்பதை இப்போது ஒரு குறிப்பாகச் சொல்லலாம்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் தனி அறைக்கு எதற்குத் தண்டச் செலவு என்று பொது வார்டில்தான் படுப்பார். வறுமையை முகத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அவருக்கு இல்லையா என்று கேட்பீர்கள். அதற்கு வருமான வரம்பு இருக்கிறது, முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், அப்புறம் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது குடும்பத்துக்கு மாதம் 10,000. மகன் மில்லில் வாங்குகிற சம்பளம் அதைத் தாண்டிவிட்டது, வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. அரசு மருத்துவமனையில் பைபாஸ் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள், ஆனால் இவருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்க முக்கியக் குழாயான லெஃப்ட் மெயினில் அடைப்பு. வரிசையில் காத்திருக்கிற நோய் இல்லை அது. ஆக, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற மனிதர், கையில் இருந்த ஒரே சொத்தில் ஒரு பகுதியை விற்றார். கோட்டுக்குக் கீழே இருந்தவரை நாங்கள் தாங்கினோம். நிஜமான பணக்காரர்கள் எப்படியும் தாங்கிக்கொள்வார்கள். தியேட்டர் செலவையெல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொண்ட ‘முழுத் தொகை’ ஆட்களில் எத்தனை பேர் இவரைப் போன்றவர்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் என் காலைக் கணக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சாரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை, அடுத்த கேஸின் ஆஞ்சியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “எல்லார்கிட்டயும் கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. கேக்காம விட்டா, இல்லைன்னு சொல்லத் தெரியாதவங்க கட்டிட்டுப் போயிடுவாங்க. இதுல எதைத் தாங்க முடியும்னு நீங்கதாம்மா சொல்லணும்” என்றார். தட்டிக்கழிப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் யோசித்தால், நேர்மையாகத்தான் சொன்னார் என்று தோன்றியது. இப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த வழி வேறு. 2017 பிப்ரவரியில், அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு விலை வரம்பு வைத்தது, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்ட் 7,260, வரி தனி. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேலும் போட்டுக்கொண்டிருந்த பொருள் அது. அந்த விலை சூளைக்காரருக்கும் மில் முதலாளிக்கும் ஒன்றுதான், யாரும் யாருடைய நிலத்தையும் விசாரிக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு நம் நாட்டிலேயே இதய வால்வு செய்து 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியதும் இதே வழிதான், பொருளின் விலையே இறங்கிவிட்டால் கன்செஷன் எழுதும் என்னைப் போன்ற ஆளே அங்கே தேவையில்லை. ஆனால் ஸ்டென்ட் மாதிரி ஆபரேஷனை அட்டைப்பெட்டியில் வைத்து விலை ஒட்ட முடியாது. மனிதர்களின் நேரத்துக்கும் தூக்கத்துக்கும்தான் அங்கே பாதி விலை. எல்லோருக்கும் ஒரே விலை என்று இன்றைக்குச் சொன்னால், அந்த ஒரே விலை சூளைக்காரரால் தொட முடியாத உயரத்தில்தான் நிற்கும். இதுவும் எனக்குத் தெரியும்.

இப்போது நான் அட்மிஷனில் எல்லோரிடமும் கேட்கிறேன், பணம் எங்கிருந்து வருகிறது என்று. சிலர் அங்கேயே உடைந்து பேசிவிடுகிறார்கள், நகை, நிலம், வட்டிக்கு வாங்கியது என்று. சிலருக்கு அவமானமாகப் போய்விடுகிறது, “கட்டறேன்னு சொல்றேன்ல, அப்புறம் என்ன விசாரணை” என்று ஒரு மருமகன் கத்தினார், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சிலர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள். கேட்க ஆரம்பித்ததிலிருந்து காலைக் கணக்கு இழுக்கிறது, சார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்கிறார். இதனால் அடுத்த சூளைக்காரருக்கு இடம் இல்லாமல் போனால் அதற்கு யார் பொறுப்பு? நான் கேட்டது சரி என்று அப்போதும் சொல்வேனா?

சாரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். முழுத் தொகை எவ்வளவு, கன்செஷன் தொகை எவ்வளவு, அது யாருக்கு, ஏன் என்று இரண்டையும் கவுண்டருக்கு மேலே பலகையில் எழுதிப் போட்டுவிடலாம் என்று. போட்டால் எல்லோரும் குறைந்ததைத்தான் கேட்பார்கள் என்கிறார். கேட்கட்டும் சார், கேட்கலாம் என்று தெரியாமல் தோப்பை விற்றவர் ஒருத்தராவது குறைவார் இல்லையா என்றேன். ஆடிட்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.